மயக்கத்தில் பேசியவை, மூன்று பிரதிகளில்

ஜப்பான்காரர் வந்ததும் பினாங்கில் முதலில் மாறியவை கடிகாரமும் நாட்காட்டியும்தான். கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே ஓடி டோக்கியோவைப் பிடித்துக்கொண்டது. நாட்காட்டி அறுநூற்றறுபது ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்து, ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2602-இல் போய் உட்கார்ந்தது. இத்தனை முன்னேற்றத்திலும் விநாசித்தம்பியின் இடது கீழ்க்கடைவாய்ப் பல் மட்டும் முன்னேறவில்லை. நாற்பத்து நான்கு வயதில் முளைக்கத் தொடங்கி, நிமிர இடமில்லாமல் படுத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு கிடந்தது. அதற்கு ஞானப்பல் என்று பெயர். பெயர் வைத்தவருக்கு அது முளைத்திருக்க வாய்ப்பில்லை.

விநாசித்தம்பி ஜார்ஜ்டவுனில் தொழிலாளர் பதிவகத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படித்த கையோடு கப்பலேறி வந்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் ஆட்களின் பெயரைப் பேரேட்டில் எழுதினார். இப்போதும் அதே பேரேட்டில்தான் எழுதுகிறார். ஒரே வித்தியாசம், இப்போது எழுதப்படும் ஆட்கள் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகிறார்கள். மூன்று மாத வேலை என்று நோட்டீஸ் சொன்னது. மூன்று மாதம் போனது, ஆறு மாதமும் போனது. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறிய ஒருவரும் திரும்பி வந்து இறங்கவில்லை.

அதன் பிறகுதான் விநாசித்தம்பி கொல்லத் தொடங்கினார். பேரேட்டில்தான். ஆள் கல்லுப்போல உயிரோடு இருக்கும்போதே பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு இழுத்து, குறிப்பு என்ற கட்டத்தில் ‘மலேரியா’ என்று எழுதிவிடுவார். பதிவக வழக்கப்படி உடனே ஒரு காகிதம் அந்த ஆளின் பெயருக்கே போகும்: ‘தாங்கள் இறந்துவிட்டதாகப் பதிவாகியிருப்பதால் இனி ஆஜராக வேண்டியதில்லை.’ வாங்கிப் படித்தவர்களில் ஒருவர்கூட மறுப்புத் தெரிவிக்க அலுவலகத்துக்கு வரவில்லை. யார் தங்களைக் கொன்றார் என்றும் அவர்களுக்குத் தெரியாது.

இப்படி முப்பத்தோரு பேர். சிக்கல் என்னவென்றால், செத்தவன் பெயர் வேறொரு தெருப் பட்டியலில் திரும்பவும் வரும். மேலதிகாரி காலையில் பட்டியலை உரக்க வாசிக்கும்போது, ‘இவர் காலமாகிவிட்டார்’ என்று விநாசித்தம்பி அந்த நொடியே சொல்லவேண்டும். தடுமாறினால் பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லி, சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்குவார்கள். எழுதி வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே முப்பத்தோரு பெயரையும் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தார். முதலாவது ராமசாமி, மாட்டுவண்டிக்காரர். பத்தொன்பதாவது கமால், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் காவடித் தண்டில் சோறும் கறியும் சுமந்து விற்றவன். முப்பத்தோராவது அர்ஜுனன், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன்.

பல் வீங்கிக் காய்ச்சலும் வந்தபோது மனைவி கனகேஸ்வரிதான் பிடித்துத் தள்ளினாள்.

“இஞ்சேருங்கோ, மரவள்ளிக்கிழங்கைக் கரைச்சுத் தந்தாலும் உங்களாலை விழுங்கேலாமல் கிடக்கு. போய்ப் பிடுங்கிக்கொண்டு வாங்கோ. பல்லுத்தானே!”

அது பல்தான். ஆனால் பல் இப்போது அரசாங்கத் துறை ஆகியிருந்தது.

பல் சுகாதாரக் கட்டுப்பாட்டு நிலையம், வெள்ளைக்காரப் பியானோ ஆசிரியை ஒருத்தி விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் டோக்கியோ இருக்கும் கிழக்கு நோக்கி ஒரு வணக்கம், நிலையத் தலைவரின் மேசைக்கு ஒரு வணக்கம், பியானோ இருந்த இடத்தில் இப்போது இருக்கும் பல் நாற்காலிக்கு ஒரு வணக்கம். மூன்றும் இடுப்பு வளைய இருக்கவேண்டும். குனிந்தபோதெல்லாம் விநாசித்தம்பியின் வீங்கிய தாடைக்குள் இரத்தம் இறங்கிக் குத்தியது.

தலைவர் ஆனந்தராஜா, ஒரு காலத்தில் துறைமுக அலுவலகத்தில் பெரிய கிராணி. அன்று கழுத்தில் டை. இன்று தலையில் தொப்பி. படிவங்கள் பழையவைதான். மேலே இருந்த வெள்ளைக்கார ராஜாவின் கிரீடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார். அதனால் எல்லாப் படிவங்களுக்கும் நெற்றியில் ஒரு ஓட்டை இருந்தது.

“பல்லு எப்ப முளைக்கத் துவங்கினது?” என்றார் ஆனந்தராஜா.

“மூண்டு வருசமிருக்கும்.”

“அப்ப வெள்ளைக்காரன் காலத்துப் பல்லு.” அவர் எழுதிக்கொண்டார். “வலி?”

“வலி ஆறு மாசமா.”

“வலி எங்கடை காலத்திலை எண்டு எழுதேலாது. பல்லு பழசெண்டால் வலியும் பழசுதான்.” அதையும் எழுதினார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, இரு கைகளையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டார். “தம்பி, இஞ்சை ஊசி மருந்து இல்லை. எல்லாம் ராணுவத்துக்குப் போட்டுது. ஈதர் ஒரு போத்தல் இருக்கு. அதை மணக்கவிட்டால் ஆள் மயங்கும். மயங்கினால் ஆள் கதைக்கும். மருந்து அரசாங்கத்தின்ரை எண்டால், அந்த மருந்திலை வாற கதையும் அரசாங்கத்தின்ரைதானே? அதாலை ஒரு செவியர், அதாவது கேக்கிறதுக்கெண்டே வைச்ச உத்தியோகத்தர், பக்கத்திலை இருந்து முழுக்க எழுதுவார். மூண்டு பிரதி.”

விநாசித்தம்பிக்கு அப்போது பல்லில் வலி இருந்ததாகத் தெரியவில்லை. வேறு எங்கும் எதுவும் இருந்ததாகவும் தெரியவில்லை.

செவியர் மூலையில் ஒரு முக்காலியில் இருந்தார். ஜபருல்லா என்று பெயர். மடியில் இரண்டு கார்பன் காகிதம், காதில் ஒரு பென்சில். முன்பு பள்ளிவாசல் சாலைச் சோற்றுக்கடையில், எழுந்து போகிறவன் தட்டைப் பார்த்த மாத்திரத்தில் அவன் என்னென்ன தின்றான் என்று கல்லாவரை கேட்கக் கூவியவர். ஒரே நேரத்தில் பத்துப் பேர் எழுந்தாலும் ஒருவருடைய முட்டை இன்னொருவர் பேரில் போகாது. அரிசி போனது, கடை போனது. குரலும் காதும் மிச்சம். அரசாங்கம் காதை மட்டும் எடுத்துக்கொண்டது.

“பயப்படாதீங்க அண்ணே,” என்றார் ஜபருல்லா. “எல்லாரும் பேசுறதுதான். போன வாரம் ஆயர் ஈத்தாம் நல்லம்மாள் அக்கா வந்திச்சு. பாசார்ல கீரை விக்கிற அக்கா. மயக்கத்துல, கட்டிலுக்குக் கீழே கோழி மறைச்சு வச்சிருக்கேன்னு சொல்லிடுச்சு. நான் எழுத வேண்டியதாப் போச்சு, பெரியவர் அன்னிக்குப் பக்கத்துலயே நின்னாருலா. பல்லைப் புடுங்கி முடிக்கிறதுக்குள்ள கோழியைப் புடிச்சிட்டு வந்துட்டாங்க.”

“அந்தக் கோழி இப்ப ராணுவத்துக்கு முட்டை போடுது,” என்றார் ஆனந்தராஜா பெருமையாக. “ஆனால் அதிலை ஒரு பிழை விட்டிட்டன். நானும் கேட்டதாலை நானும் ஒரு சாட்சி ஆகி, ஒன்பது படிவம் நிரப்ப வேண்டி வந்திட்டுது. அதாலை இப்ப விதியை மாத்திப்போட்டன். செவியர் மட்டும்தான் கேக்கலாம். நான் வெளியிலை நிப்பன். டொக்டருக்குக் காதிலை பஞ்சு.”

பல் டாக்டர் சற்குணம் திரும்பிப் பார்த்தார். அவர் காதில் இப்போதே பஞ்சு இருந்தது.

பல் பிடுங்க நாள் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து விநாசித்தம்பி நடந்ததைச் சொன்னார். கனகேஸ்வரி கேட்டுவிட்டுப் போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“நீங்கள் மத்தியானம் கண்ணயர்ந்தாலே பேர் பேராச் சொல்லுறியள். உங்களுக்குத் தெரியுமோ?”

அவருக்குத் தெரியாது. அன்று மதியமே சோதித்துப் பார்த்தார்கள். அவர் சாய்வு நாற்காலியில் தூங்க, அவள் பக்கத்தில் இருந்து விரல் மடக்கினாள். விழித்ததும் சொன்னாள்: “முப்பத்தொண்டும் வந்திட்டுது. வரிசை பிசகேல்லை. எந்தத் தெரு எண்டும் சொன்னனீங்கள்.”

அடுத்த நான்கு நாட்கள் விநாசித்தம்பி ஒரு வேலை செய்தார். பதிவகத்தில் காலைதோறும் பாடவேண்டிய ஜப்பான் பாட்டை, பெயர்களுக்கு மேலே பூசி மறைப்பதுபோல, நாளுக்கு நூறு தடவை வாய்க்குள் பாடினார். நாக்கு பழகினால் மயக்கத்திலும் பாட்டுத்தான் வரும் என்பது அவர் கணக்கு. ஐந்தாம் நாள் மதியம் திரும்பவும் சோதித்தார்கள். அதே முப்பத்தோரு பெயரும் அதே வரிசையில் வந்தன, இந்தத் தடவை ராகத்தோடு.

“மயக்கம் வேண்டாமெண்டு சொல்லுங்கோ,” என்றாள் கனகேஸ்வரி. “வலியைத் தாங்கிக்கொண்டு பிடுங்குங்கோ. வாயைத் திறந்து கத்தினாலும் கத்தலுக்குப் பேர் இல்லைத்தானே.”

அவரும் அதையே நினைத்திருந்தார். மறுநாள் நிலையத்துக்குப் போய் மூன்று வணக்கமும் போட்டுவிட்டு, மயக்கம் வேண்டாம் என்றார்.

ஆனந்தராஜா பேனாவைக் கீழே வைத்தார்.

“வேண்டாமோ?”

“மருந்து ராணுவத்துக்கு மிச்சப்படட்டும் எண்டுதான்.”

“நல்ல எண்ணம். ஆனால் மயங்க மறுக்கிறதுக்கு வேறை படிவம்.” இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த கட்டை எடுத்துப் போட்டார். நெற்றியில் ஓட்டை. “முதல், உங்கடை நித்திரையை அஞ்சு வருசமாய்க் கேட்டிருக்கிற ரெண்டு பேர் சாட்சி சொல்லவேணும், நீங்கள் ஒளிச்சு வைக்க ஒண்டுமில்லாத ஆளெண்டு. பெண்சாதி செல்லாது, அவ ஒரு பக்கம். ரெண்டாவது, மறுக்கிறவையின்ரை பேர் நேரே ராணுவப் பொலிசுக்குப் போகும். அவை உங்களைக் கூப்பிட்டு, ஏன் மயங்க மாட்டனெண்டு கேப்பினம். அவையிட்டை போனாலும் மயக்கம் வரும், மருந்துதான் வேறை.”

விநாசித்தம்பி அந்தக் கட்டை மெல்ல அவர் பக்கமே தள்ளிவைத்தார்.

“உண்மையான ஆள் மயங்கப் பயப்பட மாட்டான், தம்பி. என்னைப் பாருங்கோ. போன மாசம் எனக்கும் ஒரு பல்லுப் பிடுங்கினது. முழு மயக்கம்.”

“அப்ப செவியர் என்ன எழுதினவர்?”

“அண்டைக்கு அவருக்கு லீவு குடுத்திட்டன்.” ஆனந்தராஜா தொப்பியைச் சரிசெய்தார். “நான் வெள்ளைக்காரன் காலத்திலையும் விசுவாசமா இருந்தன். இப்பவும் விசுவாசமா இருக்கிறன். நாளைக்கு ஆர் வந்தாலும் விசுவாசமா இருப்பன். ஆள் மாறலாம், விசுவாசம் மாறக்கூடாது. அப்பிடிப்பட்ட ஒருத்தனை ஒட்டுக் கேக்கிறதிலை என்ன லாபம்?”

சற்குணம் காதுப் பஞ்சைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு விநாசித்தம்பியின் வாய்க்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை.

“மயங்காமல் இதைத் திறக்கேலாது,” என்றார். “திறந்தால் தாடை முறியும். நீங்கள் கத்தினாலும் எனக்குக் கேக்காது. விட்டுவைச்சால் ஒரு கிழமை தாங்கும், அதுக்குப் பிறகு சீழ் தொண்டைக்கு இறங்கும். இறங்கினால் ஆள் தப்பாது.”

இந்த மூன்றாவது வழி விநாசித்தம்பிக்குப் பிடித்திருந்தது. பேசாமல் சாவது. பயம் ஒரு வாரமாகவே மரத்துப்போயிருந்ததால், சாவை ஒரு விடுப்பு விண்ணப்பத்தைப் படிப்பதுபோல நிதானமாகப் படித்துப் பார்க்க முடிந்தது. அதில் ஒரு குறை கண்ணில் பட்டது. கிராணி செத்தால் புதுக் கிராணி வருவான். புதுக் கிராணி பொறுப்பேற்கும்போது பேரேட்டின் ஒவ்வொரு வரியையும் முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அது வெள்ளைக்காரன் வைத்த வழக்கம். ஜப்பான்காரனும் அதைக் கத்தரிக்கவில்லை. விநாசித்தம்பி மயங்கினால் ஒருவேளை பேசுவார். அவர் செத்தால் பேரேடு நிச்சயம் பேசும்.

அன்று மாலை கனகேஸ்வரியிடம் இதைச் சொன்னார். அவள் கையிலிருந்த மண்சட்டியைப் போட்டுடைத்துவிட்டு அழுதாள்.

“ஆரோ முப்பத்தொரு பேருக்காக நான் தாலியை அறுக்கிறதோ?” என்று கேட்டாள். உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளும்போது தானே பதிலும் சொன்னாள். “அந்த முப்பத்தொரு பேருக்கும் பெண்சாதி பிள்ளையள் இருக்குந்தான். போங்கோ, போய் மயங்குங்கோ. நான் கோயிலுக்குப் போறன்.”

குறித்த நாள் காலை ஒன்பது மணிக்கு, அதாவது சூரியனுக்கு ஏழரை மணி ஆனபோது, விநாசித்தம்பி நாற்காலியில் சாய்ந்தார். ஆனந்தராஜா ஒரு கட்டுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார். மயக்கத்தில் இங்கிலீஷ் பேசினால் இங்கிலீஷ் பேசிய குற்றம். பாட்டுப் பாடினால் எழுந்து நின்று பாடவேண்டும். வலியில் கடவுளைக் கூப்பிடலாம், எந்தக் கடவுள் என்று கட்டத்தில் முன்கூட்டியே எழுதவேண்டும். விநாசித்தம்பி ‘முருகன்’ என்று எழுதினார். ஆனந்தராஜா ஈதர் போத்தலைப் பூட்டிலிருந்து எடுத்து ஒப்படைத்துவிட்டு, விதிப்படி தோட்டத்துக்குப் போய் நின்றார். சற்குணம் பஞ்சை இறுக்கிக்கொண்டார்.

ஜபருல்லா முக்காலியை நாற்காலியின் அருகே இழுத்துப் போட்டு, கார்பன் காகிதத்தைச் செருகி, பென்சிலை எடுத்தார்.

துணி முகத்தில் விழுந்தது. இனிப்பும் எரிச்சலுமான ஒரு வாடை. விநாசித்தம்பி நாக்கைப் பற்களுக்கிடையில் கடித்துப் பிடிக்கப் பார்த்தார். நாக்கு தன்னுடையதாக இல்லை. கடைசியாகக் கேட்டது தன் குரல்தான். ‘ராமசாமி’ என்று அது தெளிவாகச் சொன்னது.

விழித்தபோது பல் ஒரு தட்டில் கிடந்தது. சிறிய, மஞ்சள் நிறப் பொருள். வாய் நிறையப் பஞ்சு. தாடையின் இடது பாதியும் கீழுதட்டின் இடது பாதியும் இருப்பதாகவே தெரியவில்லை. ஆனந்தராஜா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஜபருல்லா எழுதிய தாள் இருந்தது. முகம் கறுத்திருந்தது.

“தம்பி,” என்றார், “நீங்கள் இப்பிடிப்பட்ட ஆளெண்டு நான் நினைக்கேல்லை.”

விநாசித்தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வீடுகளின் கதவுகள் தட்டப்படும் சத்தத்தைக் கேட்க முயன்றார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் உறைக்கவுமில்லை. அது அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஆனந்தராஜா தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். “ஒண்டு, சோறு, மீன் கறி. ரெண்டு, சோறு, வெண்டைக்காய், கணவாய். மூண்டு, சோறு, ஆட்டிறைச்சி, பருப்பு. நாலு, சோறு, கோழி…” மூச்சு வாங்கினார். “முப்பத்தொரு வரி! ஒரு வரியிலாவது மரவள்ளிக்கிழங்கு இருக்கோ? அரசாங்கம் தாற கிழங்கிலை உங்களுக்குத் திருப்தி இல்லையெண்டுதானே அர்த்தம்? அரிசியை நினைக்கிறதே ஒரு எதிர்ப்பு!” சற்றுக் குரலைத் தாழ்த்தி, எச்சிலை விழுங்கிவிட்டுக் கேட்டார். “எட்டாவது வரியிலை இறாலெண்டு கிடக்கு. அது பொரிச்சதோ, குழம்போ?”

“குழம்பு,” என்றார் மூலையிலிருந்து ஜபருல்லா. “தேங்காப்பால் விட்டது.”

ஆனந்தராஜா எட்டாவது வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு தண்டனையை எழுதினார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மரவள்ளிக்கிழங்கின் மேன்மை பற்றிய சொற்பொழிவுக்கு வந்து முன்வரிசையில் உட்காரவேண்டும். சொற்பொழிவாளர் ஆனந்தராஜா.

ஜபருல்லா வாசல்வரை கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். வெளியே வெயில் நன்றாக ஏறியிருந்தது. சாலையில் யாரும் இல்லை.

“முப்பத்தோரு பேரும் வரிசையா வந்தாங்க அண்ணே,” என்றார் தாழ்ந்த குரலில். “எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதானே, ஆளுக்கு ஒரு தட்டுன்னு போட்டுட்டேன். ஒரு ஆளும் விட்டுப்போகல.”

விநாசித்தம்பி பஞ்சுக்கு நடுவே ஏதோ சொல்லப் பார்த்தார்.

“பேசாதீங்க, ரத்தம் வரும். பத்தொம்பதாவதா கமால்னு சொன்னீங்க பாருங்க, அது என் தம்பி. செத்துட்டதா உங்க ஆபீஸ்லேருந்து அவனுக்கே காயிதம் வந்துச்சு. எங்கம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கு. அவன் ஆயர் ஈத்தாம் மலைமேல கிழங்கு நட்டுக்கிட்டுக் கிடக்கான். யாரு பண்ணினதுன்னு ஒரு வருசமாத் தெரியாம இருந்தோம்.” விநாசித்தம்பியின் தோளை அழுத்திப் பிடித்தார். “அவன் தட்டுல மட்டும் ரெண்டு முட்டை வச்சிருக்கேன் அண்ணே.”

விநாசித்தம்பியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து உதட்டுக்கு வந்தது. வலது பக்கம் உப்பாகவும் சூடாகவும் தெரிந்தது. இடது பக்கம் வந்த நீரை அவர் உணரவேயில்லை.

பல்லோடு ஒரு நரம்பும் போய்விட்டது, அந்தப் பாதி உதட்டுக்கு இனி உணர்வு திரும்பாது என்று சற்குணம் பிறகு சொன்னார். விநாசித்தம்பி மூன்று ஞாயிறும் முன்வரிசையில் உட்கார்ந்து கிழங்கின் மேன்மையைக் கேட்டார். இடது பக்கம் எச்சில் ஒழுகியது அவருக்குத் தெரியவில்லை. ஆனந்தராஜா அதைத் தன் பேச்சின் வெற்றி என்று அறிக்கையில் எழுதினார்.

அடுத்த மாதம் ஈதர் போத்தல் காலியானது. மயங்க மருந்தில்லாததால் கேட்க ஆளும் தேவையில்லை என்று செவியர் பதவி எடுக்கப்பட்டது. வேலையில்லாதவர்கள் பட்டியல் பதிவகத்துக்கு வந்தது. காலையில் மேலதிகாரி அதை உரக்க வாசித்துக்கொண்டு போனார். பள்ளிவாசல் சாலை, ஜபருல்லா, வயது முப்பத்தாறு.

“இவர் காலமாகிவிட்டார்,” என்றார் விநாசித்தம்பி. உதடு பாதி ஒத்துழைக்கவில்லை என்றாலும் சொல் தெளிவாக விழுந்தது.

“எப்போது?”

“போன கிழமை. மலேரியா.”

அன்று மதியம் அவர் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். கனகேஸ்வரி பழக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விரல் மடக்கினாள். அவர் விழித்ததும் அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

“இப்ப பேர் ஒண்டும் வரேல்லை. சோறும் கறியுமாத்தான் சொல்லுறியள்,” என்றாள். “பத்தொன்பதாவதுக்கு ரெண்டு முட்டை. அது கிடக்கட்டும், முப்பத்திரெண்டாவது ஆரப்பா? அந்தாளின்ரை தட்டிலை மட்டும் கடையிலை இருக்கிற எல்லாக் கறியையும் ஊத்தச் சொல்லுறியள்.”